அக்விடக்ட் 4.0: சிவப்பு நிறத்தை அப்படியே அறிக்கையில் ஒட்டலாமா?

நிலைத்த நிதி, சுற்றுச்சூழல் மாற்றம் என்று பெயர்ப்பலகை வைத்த ஆய்வுக் குழு எதில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தாலும், சீக்கிரமே ஒரு எக்செல் கோப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். ஒரு வங்கி கடன் கொடுத்த நிறுவனங்களோ, ஒரு நிதியம் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களோ அதில் வரிசையாக இருக்கும். “வாட்டர் ரிஸ்க்னு ஒரு நெடுவரிசை சேர்த்து அனுப்புங்க” என்பதுதான் வேலை. அந்த நேரத்தில் பெரும்பாலும் கை போவது அக்விடக்ட் பக்கம். உலக வளங்கள் நிறுவனம் (டபிள்யூஆர்ஐ) நடத்தும் நீர் இடர் வரைபடம் அது. காசு கிடையாது. தரவை எடுத்து ஆளலாம், ஆதாரம் குறிப்பிட்டால் போதும். இப்போதுள்ள 4.0 பதிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆயிரம் இடங்களில் எந்த ஐம்பதை உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்க இலவசமாக இதைவிட நல்ல கருவி கைவசம் இல்லை. அந்த ஐம்பதில் எந்த ஆலைக்கு உண்மையில் தண்ணீர் வரத்து நின்றுபோகும் என்று இதைக் கேட்டால் தப்பான பதில் வரும். தப்பு கருவியுடையது அல்ல, கேள்வியுடையது. ஆனால் நெருக்கடி மிகுந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தின் அழகான சிவப்பு நிறம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டுவதுதான் சிக்கல்.

உள்ளே 13 குறியீடுகள் இருக்கின்றன. நீர்நெருக்கடி, நீர் தீர்தல், நிலத்தடி நீர்மட்டச் சரிவு, ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம், பருவ ஏற்ற இறக்கம், வறட்சி, ஆற்று வெள்ளம், கடலோர வெள்ளம் என்று அளவைச் சார்ந்தவை எட்டு. கழிவுநீர், கடலோர நீர்க்கேடு என்று தரத்தைச் சார்ந்தவை இரண்டு. குடிநீர், சுகாதார வசதி, நிறுவனங்களின் பெயர்க்கேடு பற்றிய நாட்டளவு எண் என மூன்று. முதலீட்டு வேலையில் எல்லோரும் தேடுவது முதல் குறியீட்டை. ஒரு படுகையில் வீடு, வயல், ஆலை எல்லாம் சேர்ந்து எடுக்கும் நீரை, அங்கே புதுப்பித்துக் கிடைக்கும் நீரால் வகுத்தால் வருவது நீர்நெருக்கடி. பிசிஆர்-க்ளோப்டபிள்யூபி 2 என்ற நீரியல் மாதிரியிலிருந்து, 1979 முதல் 2019 வரையிலான காலத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டது. 10 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 40 முதல் 80 வரை அதிகம், 80-ஐத் தாண்டினால் மிக மிக அதிகம். ‘மிக மிக அதிகம்’ வகையில் 25 நாடுகள் இருப்பதாக டபிள்யூஆர்ஐ அறிவித்தது. இந்தியா அதில் ஒன்று.

இந்தச் சதவீதத்தை 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றிக் கொடுக்கிறார்கள். பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. மாற்றும் முறை மடக்கை முறை: 10 சதவீதம் என்றால் 1, 20 என்றால் 2, 40 என்றால் 3, 80 என்றால் 4, 160 என்றால் 5. ஒரு மதிப்பெண் ஏறினால் நெருக்கடி இரட்டிப்பாகிறது. இதை மறந்துவிட்டு எக்செல்லில் சராசரி போடுவார்கள். ஒரு ஆலை 1, இன்னொன்று 5 என்றால் சராசரி 3. ‘நடுத்தரம்’ என்று அறிக்கையில் போய்விடும். ஆனால் மதிப்பெண் 3 என்பது 40 சதவீதம். அந்த இரண்டு ஆலைகளின் அசல் சதவீதங்களைக் கூட்டி வகுத்தால் 85 வருகிறது. எனவே மதிப்பெண்ணைச் சராசரி போடவே வேண்டாம். ‘மொத்த உற்பத்தித் திறனில் எத்தனை மெகாவாட் 40 சதவீதத்துக்கு மேலுள்ள படுகைகளில் இருக்கிறது’ என்று பங்கு சொல்லுங்கள். படிப்பவருக்கும் புரியும், கணக்கும் உடையாது.

இன்னொரு வகை இருக்கிறது: ‘வறண்ட, நீர்ப் பயன்பாடு குறைந்த’ இடங்கள். பாலைவனப் படுகைகள். இவற்றுக்கு வகை எண்ணாக −1 வரும், மதிப்பெண்ணாக 5 வரும். தரவே இல்லாத இடங்களில் −9999 மாதிரி ஒரு எண் உட்கார்ந்திருக்கும். வகை நெடுவரிசையைக் கூட்டுகிறவர்களுக்கு −1 ஆபத்து, அசல் மதிப்பைக் கூட்டுகிறவர்களுக்கு −9999 ஆபத்து. கோப்பைத் திறந்ததும் குறைந்தபட்ச மதிப்பு, அதிகபட்ச மதிப்பு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

‘ஒட்டுமொத்த நீர் இடர்’ என்று ஒரு கூட்டு மதிப்பெண்ணும் உண்டு. இணையதளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். முதலீட்டு வேலைக்கு அதைத் தொடாமல் விடுவது நல்லது. பதின்மூன்றையும் எடை போட்டுக் கலந்தது அது. அதில் பெயர்க்கேடு எண் நாட்டு அளவிலானது, ஆகவே இந்தியாவில் உள்ள எல்லா ஆலைகளுக்கும் ஒரே எண் சேர்கிறது. தண்ணீர் மிகுந்து வெள்ளம் வரும் இடமும், தண்ணீரே இல்லாத இடமும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்கலாம். துறைக்கு ஏற்ற எடைகளும் தருகிறார்கள்: மின்சாரம், ஜவுளி, சுரங்கம், ரசாயனம் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு துறைகள் கலந்த பட்டியலில் ஆலைக்கு ஆலை எடை மாறினால், ஒன்றோடொன்று ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இணையதளத்திலேயே முகவரிகளை ஏற்றி முடிவை எடுக்கும் வசதி உண்டு. பத்திருபது இடங்களுக்கு அது போதும், சொகுசாகவும் இருக்கும். அதற்கு மேல் என்றால் முழுத் தரவையும் இறக்கிக்கொண்டு பைத்தான் நிரலில் ஜியோபாண்டாஸ் வைத்தோ க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வைத்தோ, ஒவ்வொரு ஆலையின் புள்ளியையும் அது விழும் வரைபடத் துண்டோடு இணைப்பது நல்லது. நாளை யாராவது “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் நிரல் கையில் இருக்கும்; இணையதளத்தில் சொடுக்கியதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

இறக்கிய கோப்பில் அடிப்படை ஆண்டுத் தரவு, மாதத் தரவு, எதிர்காலத் தரவு என மூன்று அடுக்குகள். ஆண்டு அடுக்கில் ஒவ்வொரு துண்டும் மூன்று எல்லைகள் வெட்டிக்கொண்டதால் உண்டானது: ஆறாம் நிலை நீர்ப்படுகை, மாநிலம், நிலத்தடி நீர்த்தாங்கி. இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். ஒரே படுகையின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் நீர்நெருக்கடி எண் ஒன்றாகவே இருக்கும். நிலத்தடி நீர்மட்டச் சரிவு மட்டும் நீர்த்தாங்கிக்கு ஏற்ப மாறும். “இந்த இரண்டு ஆலைக்கும் ஏன் ஒரே எண்?” என்று கேட்டால், ஒரே படுகை என்பதுதான் பதில். பிழை இல்லை.

இணைப்பில் வழக்கமாகக் கழன்று விழுபவை கடலோர ஆலைகள். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் எல்லாம் கரையை ஒட்டி இருப்பதால், வரைபடத்தின் கரைக்கோட்டுக்கு நூறு மீட்டர் வெளியே புள்ளி விழுந்து, விடை வெறுமையாக வரும். பலர் அந்த வரிசைகளை அப்படியே நீக்கிவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள மிகப் பெரிய சொத்துகள் அப்படித்தான் காணாமல் போகின்றன. செய்ய வேண்டியது: முதலில் சாதாரண இணைப்பு; வெறுமையாக வந்தவற்றை மட்டும் பிரித்து, மீட்டரில் அளக்கும் ஆய முறைக்கு மாற்றி (தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு யூடிஎம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644), 5 கிலோமீட்டர் வரம்பு வைத்து மிக அருகிலுள்ள துண்டோடு இணைப்பது. அப்படி இணைத்தவற்றுக்குத் தனி நெடுவரிசையில் ஒரு அடையாளம் போடுங்கள். ‘அருகில் உள்ளது’ இணைப்பில் இரண்டு துண்டுகள் சம தூரத்தில் இருந்தால் ஒரு ஆலை இரண்டு வரிசையாகிவிடும். உள்ளே போனது 212 என்றால் வெளியே வருவதும் 212 ஆக இருக்க வேண்டும்.

ஆயங்களில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், நேரும் கூத்து தனி. சென்னை 13.08, 80.27. வரிசையை மாற்றிக் கொடுத்தால் புள்ளி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு வடக்கே போய் விழும்; அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாதது பாகை-கலைப் பிழை. தூத்துக்குடி 8 பாகை 46 கலை. யாரோ அதை 8.46 என்று தட்டியிருப்பார்கள். 46 கலை என்பது 0.77 பாகை, ஆகவே 8.77 என்று இருந்திருக்க வேண்டும். தீர்க்கரேகையிலும் 78 பாகை 8 கலையை 78.08 என்று தட்டியிருந்தால் புள்ளி 34 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து திருச்செந்தூர், உடன்குடி பக்கம் போய் உட்காரும். அதுவும் தமிழ்நாடுதான், கடற்கரைதான், உடன்குடியிலும் ஒரு அனல்மின் திட்டம் இருக்கிறது. எந்தச் சோதனையிலும் மாட்டாது. தசமப் பகுதி ஒரு பட்டியல் முழுக்க 60-ஐத் தாண்டவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், ஆயம் எதனுடையது என்று பார்க்க வேண்டும். நிறுவனத் தரவுகளில் வரும் முகவரி பதிவு அலுவலகத்தின் முகவரி. சுரங்கம் ஜார்க்கண்டில், ஆலை ஒடிசாவில், ஆயம் மும்பையில். அக்விடக்ட் மும்பைக்கு உண்டான எண்ணைச் சமர்த்தாகக் கொடுத்துவிடும். சொத்து அளவிலான தரவு வேண்டும். டபிள்யூஆர்ஐயே முன்பு உலக மின்நிலையத் தரவுத்தளம் ஒன்று வெளியிட்டது. கடைசிப் பதிப்பு 1.3, 2021. சுமார் 35,000 நிலையங்கள், 167 நாடுகள். இப்போது பராமரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு திறந்த நிலையங்களோ மூடியவையோ அதில் தெரியாது. நிலக்கரி நிலையங்களுக்கு குளோபல் எனர்ஜி மானிட்டரின் பட்டியலே மேல். 30 மெகாவாட்டும் அதற்கு மேலுமான அலகுகளை அலகு அலகாகத் தருகிறது. இடம் துல்லியமானதா, தோராயமானதா என்றும் ஒரு நெடுவரிசை சொல்லும். ‘தோராயம்’ என்றவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். குளிரூட்டும் கோபுரமும் நிலக்கரிக் குவியலும் கண்ணுக்குத் தெரியும். அலுப்பான வேலைதான், உதவியாளர் சம்பளம் பெரும்பாலும் இதற்குத்தான்.

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். அக்விடக்ட் ஒரு புள்ளி எந்தப் படுகையில் விழுகிறது என்று பார்க்கும், அந்தப் படுகையின் எண்ணைச் சொல்லும். அந்த ஆலை அந்தப் படுகையின் தண்ணீரைத்தான் குடிக்கிறதா என்று கேட்காது. தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பழைய தூத்துக்குடி அனல்மின் நிலையமும் (5 × 210 மெகாவாட்), என்டிபிஎல் (என்எல்சி தமிழ்நாடு பவர் லிமிடெட்) நிறுவனத்தின் 2 × 500 மெகாவாட்டும் குளிரூட்டலுக்குக் கடல்நீரை எடுப்பவை. அனல்மின் நிலையத்தின் தண்ணீர்த் தேவையில் பெரும்பங்கு குளிரூட்டல்தான். படுகை வறண்டு போனாலும் மன்னார் வளைகுடா வற்றாது. ஆகவே படுகையின் நிறத்தை வைத்து ‘2,050 மெகாவாட் தண்ணீர் இடரில்’ என்று எழுதினால் அது பிழை. மேட்டூர் அனல்மின் நிலையம் நேர் எதிர். காவிரித் தண்ணீரை நம்பி இருப்பது. இரண்டு இடத்துக்கும் ஒரே நிறம் வந்தால்கூட இடர் ஒன்றல்ல.

அதற்காகக் கடலோர நிலையம் எல்லாம் பாதுகாப்பு என்று எழுதிவிடக் கூடாது. கொதிகலனுக்கு நன்னீர் வேண்டும். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென்று தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நீர் எடுக்கும் 20 எம்ஜிடி (நாளுக்கு 20 மில்லியன் கேலன்) திட்டம் இருக்கிறது. வறட்சி ஆண்டில் அது விவசாயிகளோடு மல்லுக்கு நிற்கும் திட்டம். அளவில் சிறிது, அரசியலில் பெரிது. இது எந்தக் குறியீட்டிலும் வராது.

எனவே அக்விடக்ட் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நெடுவரிசை கட்டாயம்: குளிரூட்டும் முறை, நீர் மூலம். இந்தியப் பட்டியல் நிறுவனங்களுக்கு இதை நிரப்ப ஒரு நல்ல வழி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம். ஆறாம் கோட்பாட்டின் கீழ் நீர் எடுத்த அளவு கிலோலிட்டரில் இருக்கும். மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், வெளியாரிடம் வாங்கியது, கடல்நீர் அல்லது உப்பகற்றிய நீர், மற்றவை என்று வரிசை வரிசையாக. தூத்துக்குடிச் சிக்கலுக்கு அந்த நான்காம் வரிதான் மருந்து. நீர்நெருக்கடிப் பகுதிகளில் மட்டும் எவ்வளவு எடுத்தார்கள் என்று தனிக் கேள்வியும் உண்டு. ஆனால் அது ‘தலைமைக் குறியீடு’, விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தால் நெருக்கடிப் பகுதியில் ஆலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேதான் அக்விடக்ட் உண்மையிலேயே கை கொடுக்கும்: அவர்கள் இல்லை என்று சொன்னதை வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அறிக்கையில் வரும் அளவு நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு. 2015 டிசம்பரில் வந்த ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சக விதிப்படி, ஏற்கெனவே இயங்கும் அனல்மின் நிலையத்துக்கு உச்சவரம்பு ஒரு மெகாவாட்-மணிக்கு 3.5 கன மீட்டர். 500 மெகாவாட் அலகு 70 சதவீதத் திறனில் ஓடினால் நாளுக்கு 8,400 மெகாவாட்-மணி. நீர் நாளுக்கு 29,400 கன மீட்டர்; அறிக்கை ஆண்டுக்கானது, ஆகவே 365-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். ஒரு கன மீட்டர் ஒரு கிலோலிட்டர்தான், மாற்ற எதுவும் இல்லை. அறிக்கையில் இதைப்போல ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தால் யாரோ மில்லியன் லிட்டரைக் கிலோலிட்டர் கட்டத்தில் தட்டியிருக்கிறார்கள். பல மடங்கு அதிகமாக இருந்தால், கடல்நீரை எடுத்துச் சூடாக்கித் திரும்ப விடும் நிலையமா என்று பாருங்கள். 2018 திருத்தத்தில் கடல்நீர் நிலையங்களுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு.

ஆண்டு எண்ணை மட்டும் பார்ப்பது இன்னொரு வழுக்கல். 2016 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் ஃபராக்காவில் 2,100 மெகாவாட் நிலையம் கால்வாயில் நீர் இறங்கியதால் நின்றது. ஓரத்தில் ஓடுவது கங்கை! ஆண்டுச் சராசரியில் கங்கைக்கு என்ன குறை? மின்நிலையம் நிற்பது ஒரு மாதத்தில், ஒரு கால்வாயில். மாத அடுக்கை எடுத்து, பன்னிரண்டில் எத்தனை மாதம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று எண்ணிக் கொடுத்தால் ஆண்டு எண்ணைவிடப் பயன். தமிழ்நாட்டுக்கு இது இன்னும் முக்கியம். மழை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும், மீதி மாதங்கள் தாங்க வேண்டும்.

எதிர்காலத் தரவு பற்றிச் சுருக்கமாக. 2030, 2050, 2080 என மூன்று காலம். நம்பிக்கை, வழக்கம்போல், அவநம்பிக்கை என மூன்று காட்சி, அதாவது உலகம் எப்படிப் போகும் என்ற மூன்று அனுமானம். 2050 என்றால் அந்த ஒரு ஆண்டு அல்ல, அதைச் சுற்றிய முப்பது ஆண்டு. ‘வழக்கம்போல்’ என்று பெயர் வைத்திருப்பது காலநிலை ஆய்வாளர்கள் எஸ்எஸ்பி3 ஆர்சிபி7.0 என்று அழைக்கும் காட்சிக்கு. வங்கித் துறையினர் கையாளும், மத்திய வங்கிகளின் கூட்டமைப்பான என்ஜிஎஃப்எஸ் வெளியிடும் காட்சிகளில் ‘இப்போதைய கொள்கைகள்’ என்று ஒன்று உண்டு. பெயர் ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரில்தான் ஒற்றுமை.

மாற்றுக் கருவி கேட்பவர்களுக்கு: டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்பின் நீர் இடர் வடிகட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். படுகை இடரோடு, ஆலையின் செயல்பாடு பற்றிக் கேள்வித்தாள் ஒன்றையும் நிரப்பச் சொல்லும். நிறுவனமே உட்கார்ந்து நிரப்பினால் அது நல்ல கருவி. வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வாளருக்குப் பாதிக் கேள்விக்கு விடை தெரியாது. அதன் அளவுகோல் 1 முதல் 5, அக்விடக்டினுடையது 0 முதல் 5. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்த கோப்பு கைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நிலத்தடி நீரை நம்பிய ஆலை என்றால் இரண்டையும் விட மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு நெருக்கமானது. மாவட்டத்தைவிடச் சிறிய அலகுகளில் கிடைக்கிறது. 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 90-ஐத் தாண்டினால் அபாயம், 100-ஐத் தாண்டினால் அதீதச் சுரண்டல். திருப்பூர் சாயப்பட்டறைகளையோ கோவை வார்ப்பாலைகளையோ பார்க்கிறவர் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும். குறை என்னவென்றால் அது இந்தியாவுக்கு மட்டும். வியட்நாமும் சிலியும் கலந்த பட்டியலில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் திரும்ப அக்விடக்ட்தான்.

கடைசியாகப் பணத்தோடு இணைக்கும் இடம். என்டிபிஎல் கூட்டு நிறுவனம்: என்எல்சி இந்தியா 89 சதவீதம், தமிழ்நாடு அரசின் மின் நிறுவனமான டான்ஜெட்கோ 11 என்று உருவானது. என்எல்சி பங்கு வைத்திருக்கும் நிதியத்தின் கணக்கில் 1,000 மெகாவாட்டையும் போடக் கூடாது, 890-தான். அந்தப் பக்கத்து டான்ஜெட்கோவும் 2024-இல் பிரிக்கப்பட்டுவிட்டது. பழைய பெயரை வைத்துத் தேடினால் உற்பத்தி நிறுவனம் கிடைக்காது. பெயரை வைத்து இணைக்காமல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இட எல்இஐ அடையாளக் குறியீட்டை வைத்து இணையுங்கள், இல்லாதவற்றுக்கு மட்டும் கையால். வேலை முடிந்ததும் கோப்பின் முதல் தாளில் நான்கு வரி எழுதி வையுங்கள்: அக்விடக்ட் பதிப்பு 4.0, இறக்கிய தேதி, எந்தக் குறியீடு, எத்தனை ஆலைகள் ‘அருகில் உள்ளது’ முறையில் இணைக்கப்பட்டன. 3.0-இலிருந்து 4.0-க்கு வந்தபோது அடிப்படைக் காலமும் மாதிரியின் உள்ளீடுகளும் மாறின. ஆகவே போன தடவை மஞ்சளாக இருந்த ஆலை இந்தத் தடவை சிவப்பானால், முதலில் கேட்க வேண்டியது ஆற்றில் தண்ணீர் குறைந்ததா என்று அல்ல, எந்தக் கோப்பைத் திறந்தீர்கள் என்று.